சனிக்கு வேர்த்தது

அந்த வைகாசியில் ஸ்ரீரங்கத்தில் இரண்டு இடங்களில் கூட்டம். ஒன்று ராஜகோபுரத்தடியில். அங்கே சாரம் கட்டி மனிதர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். மற்றொன்று அம்மா மண்டபம் சாலையில் ஒரு பழைய சத்திரத்தில். அங்கே மனிதர்கள் வரிசையில் நின்று கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சத்திரத்து வாசலில் ஒரு துணிப் பதாகை தொங்கியது. 'மின்யோகி ராமர் அருளும் நவகிரக எலக்ட்ரானிக் தரிசனம். ஒன்பது கிரகமும் ஒரே பெட்டியில்.' ஒன்பது வகைச் சாதமும் ஒரே இலையில் என்று சொல்வதைப் போல.

உள்ளே பட்டுத் துணி போர்த்திய ஒரு தேக்குப் பெட்டி. அதன் முகத்தில் ஒன்பது மீட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பித்தளைத் தகட்டில் ஒரு கிரகத்தின் பெயர். வந்தவர் தன் நட்சத்திரத்தைச் சொல்ல வேண்டும். மின்யோகி ஒரு குமிழைத் திருகுவார். விளக்குகள் மினுக்கும். ஊசிகள் எழும். பத்தைத் தொட்டால் உச்சம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் விழுந்தால் நீசம். நீசம் என்றால் பரிகாரம். பரிகாரம் என்றால் பக்கத்து அறை.

வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் சூரியன் தெரியும். அதற்குச் சோம்பல்பட்டவர்கள், சூரியன் எங்கே என்று மீட்டரில் பார்ப்பதற்காக இரண்டு பஸ் மாறி வந்தார்கள். கே.கே. நகரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நாள் முழுக்க ஆலையில் மீட்டர் பார்த்துச் சம்பளம் வாங்கும் இன்ஜினீயர்கள், இந்த மீட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எங்கள் மாதா கோயில் சபையாரை மட்டும் நான் ஏன் மறைக்க வேண்டும்? ஞாயிறு பூசை முடிந்து, தொட்டு வைத்த தீர்த்தம் நெற்றியில் காய்வதற்குள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியவர்கள் அவர்களிலும் இருந்தார்கள்.

இதையெல்லாம் நான் கேள்விப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாதே.

நான் ஸ்தனிஸ்லாஸ். பொன்மலை ரயில்வே பணிமனையில் மின்பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மேலப்புதூரில் எங்கள் வீட்டின் முன்னறையில் ரேடியோவும் மீட்டரும் பழுது பார்க்கிறோம். என் தகப்பனார் அருள்நாதன் கடிகாரம் பார்த்தவர். அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. எங்கள் கை பட்டு வெளியே போகும் எந்தப் பொருளுக்கும் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், 'அ.ஸ்.' என்று கீறி அனுப்புவோம். "நாளைக்குப் பழுதுன்னு எவனாவது திறந்தா, நம்ம பேரைப் பார்த்துத் தலை குனியற மாதிரி இருக்கக் கூடாது" என்பார். அறுபது ஆண்டுகளாக ஒருவரும் அப்படித் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெருமையில் என் முதுகெலும்பு சற்று அதிகமாகவே நிமிர்ந்திருந்தது.

புதன்கிழமை மாலை என் நண்பர் ஸ்ரீரங்கராஜன் வந்தார். பணிமனை அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. பெருமாளைத் தவிர வேறெங்கும் கை கூப்பாத மனிதர். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், என் மனைவி வியாகுலம்மாள் கொண்டுவந்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய், காப்பி ஆறுது" என்றேன்.

"பொண்ணு சகுந்தலாவுக்கு வேலைக்கு ஆர்டர் வந்துடுத்து. டெலிபோன் ஆபீஸ்ல. மதுரையில போய்ச் சேரணும்."

"சந்தோஷமான சமாச்சாரத்தை ஏன் எழவு சொல்ற மாதிரி சொல்றீர்?"

"பதினாறாம் தேதி, திங்கக்கிழமைக்குள்ள சேரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவா. ஆனா அனுப்பப் போறதில்லை. சனி ரெண்டுல விழுந்துடுத்து ஓய். தெக்கே போனா உயிருக்கே ஆபத்துன்னுட்டார்."

"யாரு?"

"மின்யோகி."

நான் சிரித்தேன். "முப்பது வருஷம் என்கூட இருந்தும் ஒரு மீட்டருக்குப் பயப்படறீரே. பெருமாள் என்ன லீவுல போயிட்டாரா?"

"நீர் சிரிப்பீர். பொண்ணைப் பெத்து அனுப்பறவன் நான்னா? என் கண்ணால பார்த்தேன். ஒன்பது ஊசியும் எழுந்தது. எட்டாவதா இருந்த சனி மட்டும் மெதுவா, மெதுவா, யாரோ பிடிச்சு இழுக்கறாப்பல கீழே வந்தது. ராகு ஏறினா கேது இறங்கறது. அவ்வளவு சாஸ்திரோக்தம்!"

முன்னறையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த என் மகள் லூர்துராணியின் கை நின்றது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சுலபத்தில் கை நிற்காது.

"மாமா, மீட்டரெல்லாம் மூணு மூணா மூணு வரிசையா?"

"ஆமாம்மா."

"சனி மூணாவது வரிசையில நடுவுல?"

"அதேதான். நீயும் போயிருந்தியா?"

அவள் கருவியைக் கீழே வைத்தாள். நண்பர் காப்பியைக் குடிக்காமலே போன பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அது நம்ம பெட்டி."

மாசி மாதம் எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மைக் செட் ராமர். கல்யாணங்களுக்கும் காதுகுத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். அவர்தான் ஸ்ரீரங்கத்தில் மின்யோகி ஆகியிருக்கிறார் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் வைக்க நவகிரகப் பெட்டி ஒன்று வேண்டும், நட்சத்திரத்தைத் திருப்பினால் ஒன்பது ஊசியும் அசைய வேண்டும், விலை மட்டும் அசையக் கூடாது என்றார். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் எண்களைத் தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார். "இது எந்தப் பஞ்சாங்கம்?" என்று லூர்துராணி கேட்டதற்கு, "பஞ்சாங்கம் என்னம்மா பஞ்சாங்கம், மனசுல பட்டதைப் போட்டிருக்கேன். ஊசி ஆடினாப் போதும்" என்றார். அவர் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டியின் நினைவில் இருப்பவை வெறும் எண்கள். எண்ணை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுத்தால்தான் ஊசி அசையும். அதற்கென்று ஒரு சில்லு உண்டு. 'டாக்' என்பாள் லூர்துராணி. ஒன்பது ஊசிக்கு ஒன்பது டாக் போட்டால் ராமர் மைக் செட்டை விற்க வேண்டியிருக்கும். ஒரே சில்லுக்குள் நான்கு டாக் வைத்து வெளிநாட்டில் செய்கிறார்களாம். மெட்ராஸ் ரிச்சி தெருவில் விசாரித்தாள். பாதிக் கடைக்காரர்கள் அப்படி ஒன்றைக் கண்டதேயில்லை. கண்டிருந்த ஒருவர் சொன்ன விலையில் ஒரு கறவை மாடு வாங்கலாம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, பந்தியில எட்டுத் தொன்னை இருக்குன்னா, பாயசம் ஊத்த எட்டுப் பேரா நிக்கறாங்க? ஒரே ஆளு வரிசையா ஊத்திக்கிட்டே போறாரு. திரும்பி வரவரைக்கும் தொன்னை தாங்குது. ஒரே ஒரு மலிவான டாக் போதும். பின்னால எட்டு வழி ஸ்விட்ச் சில்லு ஒண்ணு. ஒவ்வொரு வழியிலும் ஒரு கண்டென்சர். அதுதான் தொன்னை."

"ஊசி ஒன்பதாச்சே?"

"ராகுவும் கேதுவும் எப்பவும் எதிரும் புதிருமா இருக்கணுமாம், அவரே சொன்னாரு. ராகுவோட கம்பியையே திருப்பிக் கட்டிட்டா கேது. தனிச் சில்லு வேண்டாம்."

சிக்கனத்தால் ஒரு கிரகத்தையே மிச்சம் பிடித்த பெண். எனக்குப் பெருமையாக இருந்தது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இனிமேல் வருகிறது. அது என்னுடையது.

கசியாத நல்ல கண்டென்சர் ஏழுதான் கையிருப்பில் இருந்தது. எட்டாவதற்கு மெட்ராசுக்கு எழுத வேண்டும் என்றாள். "ஒரு கண்டென்சருக்கு மெட்ராசா? அந்த ஓட்டை வால்வு ரேடியோவுல ஒண்ணு இருக்கு, கழட்டிப் போடு" என்றேன். "அப்பா, அது பழசு. சூடானாக் கசியும். ஓட்டைத் தொன்னை" என்றாள். "பொருட்காட்சிக்குப் போதும், போடு" என்றேன். போட்டாள். அந்தப் பலகையில் 'அ.ஸ்.' என்று கீறியவன் நான்தான்.

வியாழக்கிழமை அவள் ஸ்ரீரங்கம் போனாள். வரிசையில் நிற்கவில்லை. சத்திரத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் நிஜாமுதீனிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, சத்திரத்துப் பின் ஜன்னல் வழியாகப் பெட்டியையும் எட்டிப் பார்த்திருக்கிறாள். வந்து டீக்கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள்:

"அதை ஏம்மா கேக்கறே, கிரகத்தாலதான் என் யாவாரமே ஏறி இறங்குது. ஆரம்பத்துல காலையில எட்டு மணிக்குத் திறப்பாங்க. பார்த்துட்டு வர்ற ஜனம் சிரிச்சுக்கிட்டே டீயும் வடையும் சாப்பிடும். மத்தியானம் வர்ற ஜனம் தண்ணிகூடக் கேக்காம மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகும். எல்லாருக்கும் சனி நீசமாம். இப்ப ஒரு மாசமா காலைத் தரிசனத்தையே நிறுத்திட்டாங்க. பெட்டியைக் காலையிலேயே போட்டு வெச்சுடறாங்க, தரிசனம் மத்தியானம் மட்டும்தான். வடை போடறதை விட்டுட்டேன்."

"புரியுதாப்பா?" என்றாள் லூர்துராணி. "சனிக்குக் கொடுக்கற எட்டாவது வழியிலதான் அந்த ஓட்டைத் தொன்னை இருக்கு. காத்துப் போக நான் போட்ட துளையெல்லாம் அடைச்சு, பட்டுத் துணியைப் போத்தி வெச்சிருக்காரு. நேரமாக ஆக உள்ளே வேகுது. ஊத்தினது திரும்பி வர்றதுக்குள்ள ஒழுகிடுது. மத்தியானம் வர்றவங்க எல்லாருக்கும் சனி விழுது."

ராமர் ஏமாற்றுக்காரர்தான். ஆனால் சனி ஏன் விழுகிறார் என்று அவருக்கே தெரியாது. முதலில் பயந்திருப்பார். பிறகு, விழுகிற சனியில் வரும்படி அதிகம் என்று கண்டு காலையை மூடிவிட்டார். வானத்துச் சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டுகள் ஆகும். எங்கள் சனிக்கு இரண்டரை மணி நேரம் போதும்.

"போய்ச் சொல்லிடலாம்பா."

"என்னன்னு சொல்றது? அருள்நாதன் குடும்பத்துல செஞ்ச பெட்டி, அதுல ஓட்டைக் கண்டென்சர்னா? ஸ்ரீரங்கராஜன்கிட்ட மட்டும் தனியாச் சொல்லிக்கலாம்."

"தனியாச் சொன்னா நம்புவாரா? கண்ணால பார்த்தேங்கறாரு. அவர் கண்ணாலதான் காட்டணும்."

"நம்ம பேரு சந்தி சிரிக்கும்."

"அப்போ சகுந்தலா வீட்டோட கெடக்கட்டுங்கறீங்களா?"

அடுக்களையிலிருந்து வியாகுலம்மாள் குரல் கொடுத்தாள்: "ஏங்க, பேரைக் காப்பாத்தணும்னா கண்டென்சர் வாங்கும்போதே காப்பாத்தியிருக்கணும்." முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அவள் அடுக்களையை விட்டு வெளியே வந்து பேசவேண்டிய தேவையே வந்ததில்லை. அங்கிருந்தே குறி தவறாது.

சனிக்கிழமை மூன்று மணி. சத்திரம் அடுப்பாக இருந்தது. இருநூறு பேருக்குக் குறையாது. ஸ்ரீரங்கராஜனையும் சகுந்தலாவையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். சகுந்தலா தன் ஆர்டரை ஒரு பையில் வைத்து மார்போடு அணைத்திருந்தாள். லூர்துராணி கையில் ஒரு பனையோலை விசிறி. என் சட்டைப் பையில் ராமர் கைப்பட எழுதிய தாள்.

எங்களைக் கண்டதும் மின்யோகியின் முகத்தில் மின்சாரம் போய்விட்டது. எழுந்து வந்து என் காதோடு பேசினார்.

"ஐயா, வாங்க. கௌரவமான குடும்பம் நீங்க. வந்த மாதிரி கும்பிட்டுட்டுப் போயிடுங்க. நானும் திறந்து பார்த்திருக்கேன், பெட்டியைத் திறந்தா என் பேரா உள்ளே இருக்கு? உங்க பேருதான் கீறியிருக்கு."

நியாயமான பேச்சு. அவர் பெயர் துணிப் பதாகையில்தான் இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர் போய்விடலாம். என் பெயரைச் சுருட்ட முடியாது. ஒரு நிமிடம் நான் திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன். அப்போது ஸ்ரீரங்கராஜன் பெட்டியைப் பார்த்துக் கை கூப்பினார். முப்பது வருடமாக எந்த அதிகாரிக்கும் வளையாத கை. எங்கள் வீட்டுப் பழைய ரேடியோக் கண்டென்சருக்கு முன்னால் கூப்பியிருந்தது.

"என் சிநேகிதர் பொண்ணுக்கு இன்னொரு தரம் பாருங்க. கேட்டை நட்சத்திரம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வேறு வழியில்லாமல் ராமர் குமிழைத் திருகினார். ஊசிகள் எழுந்தன. சனி எட்டு வரை போய், மெல்ல மெல்ல இறங்கி இரண்டில் படுத்தது. கூட்டம் 'ஐயோ' என்றது. இன்னொருவர் துன்பத்தை இலவசமாகப் பார்ப்பதில் நம் ஜனங்களுக்கு உள்ள ஈடுபாடு தனி.

"பார்த்தீரா ஓய்" என்றார் ஸ்ரீரங்கராஜன்.

லூர்துராணி முன்னால் வந்தாள். "சாமி, சனி பகவானுக்கு வேர்க்குது போலிருக்கு. கொஞ்சம் விசிறட்டுமா?"

கூட்டம் சிரித்தது. ராமருக்கு உயிர் வந்தது. கூட்டம் தன் பக்கம் சிரிக்கிறது என்று நினைத்துவிட்டார். "ஈரேழு லோகத்தையும் ஆட்டி வைக்கறவரு, ஓலை விசிறிக்கு மசிவாராம்மா? விசிறு, விசிறு! கை வலிக்கற வரைக்கும் விசிறு!"

"பட்டுத் துணியை எடுத்துட்டுத்தான் விசிறணும்."

"அது ஆகாது. தீட்டு."

"ஏன் சாமி," என்றார் பின்வரிசையில் ஒருவர், "துணியை எடுத்தா கிரகம் ஓடிடுமா?"

"எடுக்கட்டும் சாமி! அந்தப் பொண்ணு மூக்கு உடையட்டும்!" என்றார் இன்னொருவர். பக்தியால் சொன்னார். பக்தர்களைப் போல உதவி செய்ய ஆள் கிடையாது.

பட்டு விலகியது. லூர்துராணி பின்பக்கத் துளைகளில் அடைத்திருந்த சந்தனத்தைக் கொண்டையூசியால் நோண்டி எடுத்தாள். அனல் மூச்சு வெளியே வந்தது. விசிறத் தொடங்கினாள்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. கூட்டத்தில் கேலி கிளம்பியது. "சனிக்கு ஒரு சோடாவும் உடைச்சுக் குடும்மா!" நான் ஊசியையே பார்த்தேன். என் தகப்பனார் இறந்த அன்று அவர் மூச்சைக்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவில்லை.

மூன்றாவது நிமிடம் சனி இரண்டேகாலுக்கு வந்தார். யாரோ, "அசையுது!" என்றார்கள். மூன்று. மூன்றரை. கேலி அடங்கியது. ஐந்து. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். லூர்துராணி கை மாற்றி விசிறினாள். ஆறு. ஏழு. ஏழேமுக்காலில் சனி பகவான் சௌக்கியமாக அமர்ந்தார்.

"இப்போ பாருங்க" என்று அவள் விசிறியை நிறுத்திவிட்டு, பட்டுத் துணியை இழுத்து மூடி, பக்கத்தில் எரிந்த குத்துவிளக்கைத் துளையருகே நகர்த்தி வைத்தாள். சனி இறங்கினார். விளக்கை விலக்கித் துணியை எடுத்து விசிறினாள். ஏறினார். மறுபடி மூடினாள். இறங்கினார். சகுந்தலா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்திரத்தில் மத்தியான நேரத்தில் ஒருவர் சிரித்தது அன்றுதான்.

"பில்லி வெச்சுட்டாங்க!" என்று ராமர் கத்தினார். "பெட்டியைக் கெடுத்துட்டாங்க!"

"கெட்டுத்தான் இருக்கு" என்றேன். "முதல்லேருந்தே."

பெட்டியின் பின்பலகையை நானே கழற்றினேன். எட்டுக் கண்டென்சர்களைக் காட்டினேன். ஏழு பச்சை, ஒன்று அழுக்கு. அந்த ஒன்று சுட்டால் சனி விழும், ஆறினால் எழும், அவ்வளவுதான் ஜோசியம் என்றேன். ராமர் கையெழுத்துத் தாளை ஸ்ரீரங்கராஜனிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்: "கேட்டை... சனி... எட்டு." பிறகு, "இது எதைப் பார்த்துப் போட்டது ஓய்?" என்றார்.

"அவர் மனசுல பட்டதாம்."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஓட்டைச் சாமானைப் போட்டு இந்தப் பெட்டியைச் செஞ்ச திருட்டுப் பய யாரு?"

ராமர் என்னைப் பார்த்தார். பலகையின் ஓரத்தில் இருந்த கீறலை நான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"அ.ஸ். அருள்நாதன், ஸ்தனிஸ்லாஸ். மேலப்புதூர். நல்ல கண்டென்சர் வாங்கணும்னு என் பொண்ணு சொன்னா. வேண்டாம்னவன் நான். உங்களுக்குச் சனி பிடிக்கலை. என் கஞ்சத்தனம் பிடிச்சிருக்கு. பழுது எங்களுது. பொய் மட்டும்தான் அவருது."

ராமர் பின்வாசல் வழியாகக் கொள்ளிடம் பக்கம் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. கிரகங்கள் வழி காட்டியிருக்கும்.

ஸ்ரீரங்கராஜன் தாளை நான்காக மடித்து என் பையில் வைத்தார். "முப்பது வருஷமா உம்ம முதுகைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கேன் ஓய், இப்படி விறைச்சுண்டு நிக்கறாரேன்னு" என்றார். "இன்னிக்கு அந்த எரிச்சல் போச்சு." மகளைப் பார்த்து, "பெட்டி படுக்கை கட்டிட்டியோ?" என்றார்.

"புதன்கிழமையே கட்டிட்டேன்பா."

ஞாயிறு மதியம் மதுரை வண்டியில் அவளை ஏற்றிவிட்டோம். உச்சி வெயில், தெற்குத் திசை, சரியான எமகண்டம். திங்கள் காலை பத்து மணிக்கு வேலையில் சேர்ந்தாள். அந்த வாரமே மதுரையிலிருந்து டிரங்க் கால் போட்டாள். உயிரோடு இருப்பவள் குரல் போலத்தான் இருந்தது.

இத்துடன் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் எட்டுப் பத்துப் பேர். பழுது பார்க்க ரேடியோ எதுவும் கையில் இல்லை. தேங்காய் பழத் தட்டு இருந்தது. முன்னால் நின்ற பெரியவர் பணிவாகக் கேட்டார்:

"ஐயா, சனியையே தூக்கி நிறுத்தின அந்த விசிறி உங்ககிட்ட இருக்காமே? ஒரு தரம் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிடறோம்."

லூர்துராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் உள்ளே போய் விசிறியை எடுத்து வந்து கொடுத்தேன்.

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. கண்ணுல ஒத்திக்காதீங்க, தலைக்கு மேல வீசிக்குங்க. உள்ளே இருக்கறது சூடு ஆறினாத் தானா வேலை செய்யும். எங்க பெட்டியே செஞ்சுதே!"